திரும்பி வரும் உறை: கிறிஸ்துமஸ் பரிசும் அதைச் சுற்றும் காகிதமும்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மன்சி என்றொரு நடுத்தர நகரம். சமூகவியலாளர்கள் பல தலைமுறைகளாகத் திரும்பத் திரும்பப் போய் ஆராய்ந்த ஊர் அது. அவர்களுடைய நூல்களில் 'மிடில்டவுன்' என்ற புனைபெயரில் வரும். அங்கே 1970களின் கடைசியில் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி விசாரித்த தியோடர் கேப்லோ, 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். யாரும் எழுதிவைக்காத, மீறினால் யாரும் தண்டிக்காத விதிகளை ஓர் ஊரே எப்படி இம்மியும் பிசகாமல் கடைப்பிடிக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த விதிகளில் ஒன்று, பரிசைச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பது. மட்டக்குதிரையையும் பியானோவையும் காகிதத்தில் சுற்ற முடியாதல்லவா? அவற்றுக்கும் ஒரு ரிப்பனையாவது கட்டி, கொடுக்கும் நேரம்வரை ஒளித்துவைத்தார்கள். ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும், அது கிறிஸ்துமஸ் பரிசாகவும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தவர்கள் அதைச் சுற்றாமல் கொடுத்தார்கள். வாங்கியவருக்குப் புரிந்துவிட்டது.

"சுற்றாமலே கொடுங்கள்" என்ற சுற்றுச்சூழல் அறிவுரை ஏன் எடுபடுவதில்லை என்பது இதைப் படித்த பிறகு விளங்குகிறது. உறைதான் ஒரு டிபன் பாக்ஸைப் பரிசாக்குகிறது. டேனியல் ஹோவர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட சோதனைகளும் இதையே சொல்லின. ஒரே பொருளைச் சுற்றியும் சுற்றாமலும் கொடுத்துப் பார்த்தார். சுற்றி வந்ததைப் பிரித்தவர்களுக்கு அந்தப் பொருளே கூடுதலாகப் பிடித்திருந்தது. ஆகவே சுற்றத்தான் போகிறோம். எதைக் கொண்டு சுற்றுவது, பிரித்தபின் அது எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகள்தான் மிச்சம். இவற்றில் முதல் கேள்வியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். என் கட்சி இரண்டாவது. போன உறை திரும்பி வரவோ இன்னொருவர் கைக்குப் போகவோ ஒரு வழியிருந்தால், அது எதனால் ஆனது என்பது பெரிய விஷயமில்லை. வழியில்லையென்றால் பருத்தியும் குப்பைதான்.

புள்ளிவிவரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் வந்தால் நிலவுவரை நீளும் காகிதம், கால்பந்து மைதானங்களை மூடும் காகிதம் என்று எண்கள் புறப்பட்டுவிடும். அமெரிக்காவில் நன்றி செலுத்தும் நாளிலிருந்து புத்தாண்டுவரை குப்பை 25 சதவீதம் கூடுகிறது என்ற கணக்கு 1990களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. கால் நூற்றாண்டு போனபிறகும் அதே 25தான். இவற்றை நம்பிப் பதறுவதற்கு ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் மிக்ஸியையோ பேட்டரி காரையோ செய்ய ஆன மின்சாரத்துக்கும் உலோகத்துக்கும் முன்னால் மேலே சுற்றிய ஒரு தாள் யானைப் பசிக்குச் சோளப்பொரி. தேவையில்லாத பரிசை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாலும் அது தேவையில்லாத பரிசே. ஆனாலும் உறையைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. ஒரே ஒரு இரவு இருந்துவிட்டுக் கிழிபடுவதற்கென்றே தயாராகும் பொருள் வீட்டுக்குள் அதிகமில்லை. நாம் நினைத்தால் இந்த வருஷமே மாற்றிவிடக்கூடியதும் அதுதான்.

இந்தப் பழக்கத்துக்கு வயது குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசதிபடைத்தவர்கள் மெல்லிய டிஷ்யூ தாளில் சுற்றினார்கள். மற்றவர்களுக்குக் கடையில் சரக்கு கட்டித்தரும் பழுப்புத் தாளும் சணல் கயிறும். 1917 டிசம்பரில் கன்சாஸ் நகரத்தில் ஹால் சகோதரர்களின் கடையில் டிஷ்யூ தாள் தீர்ந்துபோயிற்று. பிற்காலத்தில் ஹால்மார்க் என்று பெயரெடுத்த கடை அது. கையிருப்பில் வேறொன்றும் இல்லாததால், கடித உறைகளுக்கு உள்ளே ஒட்டுவதற்காக பிரான்சிலிருந்து வரவழைத்திருந்த பூப்போட்ட தடித்த தாளை எடுத்துவைத்து, தாள் பத்து சென்ட் என்று விற்றார்கள். அத்தனையும் போய்விட்டது. அடுத்த வருஷமும் அப்படியே. பிறகு தாங்களே அச்சடிக்க ஆரம்பித்தார்கள். 1930இல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைக் கொண்டுவந்தார். அதன்பிறகு கயிறும் அரக்கும் தேவையற்றுப் போயின. முடிச்சை அவிழ்த்துத் தாளை மடித்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவற்றோடு போயிற்று. நாடா ஒட்டிய தாளைக் கிழிக்காமல் பிரிக்கப் பொறுமை வேண்டும். கிறிஸ்துமஸ் காலையில் யாருக்கு இருக்கிறது அது?

நடுவில் ஒரு முறை காகிதத்தில் சுற்றும் பழக்கம் தடைப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் காகிதத்துக்குக் கடும் தட்டுப்பாடு. உணவுப் பொருள் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எதையும் கடைக்காரர் தாளில் சுற்றித் தரக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. மக்கள் பழைய தாளை இஸ்திரி போட்டு எடுத்தார்கள், துணியில் கட்டினார்கள். போர் முடிந்து தாள் வந்ததும் எல்லாம் பழையபடி ஆயிற்று.

இப்போது நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோருக்கு வருவோம். "கிஃப்ட் பேக் பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டுக் கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுக்கும் தாள்களில் பாதி தாளே அல்ல. தகதகவென்று மின்னும் ஜிகினா தாள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் படலம். அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் மிக மெல்லிய பூச்சாகப் படியவைத்திருப்பார்கள். இன்னொரு வகையில் அடியில் காகிதமும் மேலே பிளாஸ்டிக் படலமும் ஒட்டியிருக்கும். பழக்கூடைக்கு மேல் சரசரக்கும் கண்ணாடித் தாளை எல்லோரும் செலோஃபேன் என்கிறோம். சுவிட்சர்லாந்துக்காரரான ஜாக் பிராண்டன்பெர்கர் கண்டுபிடித்த அசல் செலோஃபேன் மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸால் ஆனது. மேல்பூச்சு இல்லாவிட்டால் மண்ணில் மக்கும். கடையில் இன்று கிடைப்பது பெரும்பாலும் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட பாலிப்ரொப்பிலீன்.

எது தாள், எது படலம் என்று கண்டுபிடிக்க பிரிட்டனில் ஒரு எளிய சோதனை சொல்லித் தருகிறார்கள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி விட வேண்டும். கசங்கியபடியே கிடந்தால் காகிதம். மெல்ல விரிந்து எழுந்தால் உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது. நம்மிடம் அதைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுப்பாரா என்று பார்த்தால் போதும். நாளிதழுக்கு ஒரு விலை, நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு விலை, அட்டைப் பெட்டிக்கு ஒரு விலை என்று தராசைத் தூக்குகிற அவர், கட்டுக்கு நடுவில் ஜிகினா தாளைச் செருகியிருந்தால் உருவி எறிந்துவிடுவார். அவருக்குப் பின்னால் நிற்கும் ஆலைக்கு அது வேண்டாம் என்பதுதான் காரணம். ஆலையில் பழைய தாளைத் தண்ணீரில் போட்டுக் கடைந்து கூழாக்குவார்கள். நார் பிரிந்து மிதக்கும். படலம் பிரியாது, சல்லடையை அடைக்கும். ஒட்டுநாடாவின் பசை உருண்டைகளாகி, புதுத் தாளில் புள்ளிபுள்ளியாக வந்து உட்காரும். நிஜமான பரிசுத் தாளுக்கும் அங்கே பெரிய மரியாதை கிடையாது. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே போகும், ஐந்தாறு சுற்றோடு ஓய்ந்துவிடும். மலிவான பரிசுத் தாள் வரும்போதே குட்டை நாரோடும் அடர்ந்த சாயத்தோடும்தான் வருகிறது.

மினுக்குப் பொடி தனிக் கதை. பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் பூசி, கடுகிலும் சிறிதாக நறுக்கியது அது. தரையைப் பெருக்கினாலும் போகாது, பொங்கல்வரை வீட்டில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் நுண்நெகிழிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் கீழ், 2023 அக்டோபர் 17 முதல் உதிரி பிளாஸ்டிக் மினுக்குப் பொடி விற்பனையைத் தடுத்துவிட்டது. இந்தியாவில் 2022 ஜூலை 1இல் வந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் ஆகியவற்றைச் சுற்றும் படலங்கள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த பட்டியலில் நெய்யாத துணிப்பையும் உண்டு. பார்க்கத் துணி மாதிரி இருந்து, தொட்டால் சொரசொரக்கும் பை அது. அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான். இனிப்புப் பெட்டியைச் சுற்றினால் தடை, அதே படலத்தைப் பொம்மைப் பெட்டியில் சுற்றினால் கேட்பாரில்லை. சட்டம் அந்த அளவில்தான் நிற்கிறது.

சரி, காகிதமே வேண்டும் என்பவர்களுக்கு வீட்டிலேயே மூன்று சரக்குகள் இருக்கின்றன. ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போட வாங்கிய பிரவுன் ஷீட்டில் மிச்சம் ஒன்று. வெளுக்காத, நீண்ட நாருள்ள கிராஃப்ட் தாள் அது. கிழியாது, மடித்தால் கோடு நிற்கும். ஆனால் இப்போது வரும் பிரவுன் ஷீட்டுகளில் பளபளக்கும் பிளாஸ்டிக் மேல்பூச்சோடு வருபவை பல, ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது நாளிதழ். மூன்றாவதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. சிவகாசியில் அச்சாகி ஜவுளிக்கடை, நகைக்கடை வழியாக வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். டிசம்பர் வரும்போது பதினொரு தாள்கள் வேலை முடிந்து நிற்கின்றன. தடிமனான தாள், பின்பக்கம் பெரும்பாலும் வெள்ளை. ஒரு தாளில் சட்டைப் பெட்டி ஒன்றைச் சுற்றிவிடலாம். படத்தை வெளியே வைப்பதா வெள்ளையை வெளியே வைப்பதா என்பது அவரவர் துணிச்சல். இணையத்தில் வாங்கிய பொருள் வந்த அட்டைப் பெட்டியை ஒட்டுப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி மடித்தாலும் நல்ல பரிசுப் பெட்டிதான்.

தின்பண்டம் என்றால் மட்டும் நாளிதழ் ஆகாது. அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் எண்ணெய்ப் பலகாரத்தில் ஏறும். 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகளே உணவை நாளிதழில் கட்டுவதைத் தடைசெய்கின்றன. முந்திரிக்கொத்தையும் அச்சு முறுக்கையும் தூக்குச்சட்டியிலோ டப்பாவிலோ போட்டுக் கொடுப்பதே சரி. அதற்குமேல் எதைச் சுற்றினாலும் பாதகமில்லை.

ஒட்டுநாடாவுக்கு மாற்று கேட்பவர்கள் நாட்டு மருந்துக் கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும். சுக்கையோ கடுக்காயையோ நிறுத்துத் தாளில் கொட்டி, இரண்டு ஓரங்களைச் சேர்த்து ஒரு மடிப்பு, பக்கத்துக்கு ஒன்றாக முக்கோண மடிப்பு இரண்டு, கூரையில் தொங்கும் நூல்கண்டிலிருந்து ஒரு இழுப்பு, குறுக்கும் நெடுக்குமாக ஒரு சுற்று, சுண்டி அறுத்தால் பொட்டலம் தயார். பசையும் இல்லை, நாடாவும் இல்லை. வீடு போய்ச் சேரும்வரை ஒரு கிராம் சிந்தாது. பசைதான் வேண்டுமென்றால் மைதாப் பசை இருக்கிறது. பட்டம் ஒட்டுகிறவர்களும் சுவரொட்டிக்காரர்களும் நம்பியிருப்பது அதைத்தான். மாவுப் பசை தண்ணீரில் கரைந்துவிடுவதால் ஆலையின் சல்லடைக்கும் தொந்தரவில்லை. ரிப்பனுக்குப் பதில் சணல் அல்லது பூக்காரரிடம் கிடைக்கும் வாழைநார். நாரை நனைத்துக் கட்ட வேண்டும். முடிச்சில் செருக, நம் ஊரில் வளராத பைன் கிளையின் பிளாஸ்டிக் நகலைத் தேட வேண்டாம். டிசம்பர் பூ அந்த மாதத்தில்தானே பூக்கிறது? சாயங்காலத்துக்குள் வாடிவிடும் என்பது உண்மை. கொடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் செருகிக்கொள்ளலாம்.

துணியில் கட்டிக் கொடுப்பது என்றதும் எல்லோரும் ஜப்பானின் ஃபுரோஷிகியைச் சொல்கிறார்கள். நியாயம்தான். நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பொருள்களைச் சுற்றிய துணிகள் இன்னும் இருக்கின்றன. எடோ எனப்படும் ஆட்சிக் காலத்தில் பொதுக் குளியல் கூடங்களுக்கு உடுப்பு எடுத்துப்போகும் மூட்டைத் துணியாக அது ஊரெங்கும் பரவியது. பிளாஸ்டிக் பை வந்தபிறகு மங்கியது. 2006இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பழைய பெட் பாட்டில்களிலிருந்து எடுத்த இழையில் ஒரு ஃபுரோஷிகியைச் செய்வித்து வெளியிட்டுப் பழக்கத்தை மீட்கப் பார்த்தார். உலகம் முழுவதும் அதைக் கட்டும் படங்கள் சுற்ற ஆரம்பித்ததில் அதற்கும் பங்குண்டு. கொரியாவின் போஜாகியும் இதே குடும்பம். வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்ததற்கு அங்கே ஜொகக்போ என்று தனிப் பெயர்.

ஆனால் இந்தப் படங்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் கடைப் பைகளைப் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டது. சாதாரண பருத்திப் பை ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால் காலநிலைக் கணக்கில் 52 முறை பயன்பட வேண்டும். நீர், ஓசோன் படலம் உள்ளிட்ட எல்லா அளவுகோல்களிலும் ஈடாக வேண்டுமென்றால் 7,100 முறை. அந்தக் கணக்கின் அனுமானங்களோடு மல்லுக்கு நிற்கலாம். கடலில் போய்ச் சேரும் பிளாஸ்டிக் அதில் எடைபோடப்படவில்லை. பரிசுத் துணியும் கடைப்பையும் ஒன்றல்ல. இருந்தாலும் திசை தெளிவு. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும், நூற்று நெய்து சாயமேற்ற மின்சாரமும் வேண்டும். கிறிஸ்துமஸுக்கென்று புதிதாகத் துணி வாங்கி, அழகாக வெட்டி, ஒருமுறை கட்டிக் கொடுத்து, வாங்கியவர் அதைப் பழந்துணியோடு சேர்த்துப் போட்டால் ஜிகினா தாளைவிட மோசமான வேலையைச் செய்திருக்கிறோம். 'பசுமைப் பரிசு உறை' என்று புதுத் துணிச் சதுரங்களை விலைக்கு விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் துணி என்றால் கணக்கே வேறு. தமிழ்நாட்டு வீட்டுப் பீரோக்களில் ஜாக்கெட் பிட் என்றொரு நாணயம் உண்டு. தாம்பூலத்தோடு வரும், தைக்கப்படாமல் மடிப்புக் கலையாமல் இருக்கும், அடுத்த விசேஷத்தில் இன்னொரு வீட்டுக்குப் போகும். சில பிட்டுகள் தெருவையே சுற்றி, கொடுத்தவரிடமே வந்து சேர்ந்த கதைகளும் உண்டு. எண்பது சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரை இருக்கும் அந்தத் துணி, ஒரு புத்தகத்தையோ டப்பாவையோ கட்ட அளவெடுத்ததுபோல் பொருந்தும். குற்றாலத் துண்டும் அப்படியே. மூலைவாட்டில் விரித்து, நடுவில் பொருளை வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே மடித்துவிட்டு, மிச்ச இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சில்தான் சூட்சுமம். முதலில் வலது முனையை இடதின் மேல் போட்டால், இரண்டாம் தடவை இடதை வலதின் மேல் போட வேண்டும். அப்படிச் செய்தால் காதுகள் இரண்டும் பக்கவாட்டில் படிந்து நிற்கும், எவ்வளவு தூக்கினாலும் நழுவாது. இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் காது குறுக்கே முறைத்துக்கொண்டு நிற்கும், பேருந்தில் போகும்போதே தளர்ந்துவிடும். அவிழ்க்கும்போது ஒரு காதை நேராக இழுத்தால் மற்றது வழுக்கி வந்துவிடும். கத்தரிக்கோல் தேவையில்லை.

மஞ்சப்பையும் இந்த வரிசையில்தான் வர வேண்டும். கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு மணமக்கள் பெயர் அச்சடித்துக் கொடுத்த பை, தமிழர்களுக்கென்று இருந்த பரிசு உறை. 2021 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னதாக, தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அதை அரிசிக்கும் காய்கறிக்கும் மட்டும் ஒதுக்கிவைக்கக் காரணம் எதுவும் இல்லை.

துணி திரும்பி வருமா என்பதுதான் சிக்கல். ஜப்பானிய வழக்கத்தில் இதற்கு விடை இருந்தது. எடோ காலத்தில் பரிசைத் தட்டில் வைத்து, மேலே ஃபுகுசா என்ற பூவேலைத் துணியைப் போர்த்திக் கொண்டுபோவார்கள். வாங்கியவர் துணியின் அழகை ரசித்துவிட்டு, பரிசை எடுத்துக்கொண்டு துணியைக் கொடுத்தவருக்கே திருப்பி அனுப்புவார். நமக்கும் இது அந்நியமில்லை. தென் மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும்போது மேலே ஒரு பின்னல் துணி போர்த்தியிருக்கும். அந்தப் பின்னலுக்கே ஒரு சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மிஷனரி மனைவியான மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகளும் பிஷப் கால்டுவெல்லின் மனைவியுமான எலிசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். தட்டு காலி ஆனதும் அதுவும் துணியும் திரும்பி வரும். வெறுந்தட்டாக வராது. கொஞ்சம் சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ இருக்கும். வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்பது தீபாவளித் தட்டுக்கும் ரம்ஜான் பிரியாணிக்கும் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் பொதுவான சட்டம். கேப்லோ தேடிப் போன வகைச் சட்டம் இது. எழுதப்படவில்லை, ஆனால் மீறுவாரில்லை. இந்த விதி பாத்திரத்தோடு நிற்காமல் துணிக்கும் பைக்கும் நீண்டால், டென்மார்க் கணக்கின் 52ஐ ஒரு தெரு சில வருஷங்களில் எட்டிவிடும்.

திரும்பி வரத் தேவையே இல்லாத உறையும் ஒன்று உண்டு. வாங்கியவர் தூக்கி எறிய மனம் வராமல் தானே வைத்துக்கொள்வார். பனையோலைப் பெட்டியைச் சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் மணப்பாடு என்ற பழைய கத்தோலிக்க ஊரில் பெண்கள் கூட்டுறவு முறையில் ஓலைப் பொருள்களை முடைகிறார்கள். செட்டிநாட்டில் சீர்வரிசைக்குப் பயன்பட்ட கொட்டான் மறைந்துபோகும் நிலையிலிருந்து மீட்கப்பட்டு, இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயம் வேண்டுமென்றால் கொதிக்கும் சாயநீரில் போட்டெடுத்து, முடையும் முன் மறுபடி நனைத்துப் பதமாக்குவார்கள். காய்ந்த ஓலை மடிக்கும்போது ஒடிந்துவிடும், அதிகம் நனைந்தது பின்னியபிறகு தளர்ந்துவிடும். விரலுக்குத் தெரியும் பதம் அது. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடிக்கிற விரல்களுக்கு இந்த ஓலை புதிதில்லை. கருப்பட்டி மிட்டாயோ சில்லுக் கருப்பட்டியோ உள்ளே வைத்து மூடினால் உறையும் பரிசும் ஒரே மரத்தினுடையவை.

குறைகளும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓயாத டிசம்பரில் ஓலையில் பூஞ்சை பிடிக்கும், கொடுப்பதற்கு முன் ஒரு வெயில் காட்ட வேண்டும். விலை அதைவிடப் பெரிய தடை. ஒரு பெட்டி முடைய ஆகும் நேரத்துக்குக் கூலி கொடுத்தால், ஜிகினா தாளோடு அது போட்டிபோட முடியாது. போட்டியில் இறக்கவும் கூடாது. பெட்டியையே பரிசின் பாதியாக எண்ணி, உள்ளே வைப்பதைச் சிறிதாக்கிக்கொண்டால் செலவு சமன் ஆகும்.

இந்த இடத்தில் ஜே.சி. குமரப்பாவை நினைக்காமல் முடியாது. 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்காயம் படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, பிறகு காந்தியோடு சேர்ந்து வார்தா மகன்வாடியில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். அங்கே அவர் விடாப்பிடியாக வளர்த்தவற்றில் கைத்தாளும் ஒன்று. சிறையிலிருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலை எழுதினார். எடுத்ததைத் திருப்பித் தராத பொருளாதாரம் நிலைக்காது என்பது அதன் அடிநாதம். ஜெய்ப்பூர் அருகே சாங்கனேரில் உள்ள தேசியக் கைத்தாள் நிறுவனம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம் 1959 முதல் நடக்கிறது. பின்னலாடைத் தொழிலின் வெட்டுத்துணி போன்ற பருத்திக் கழிவை அரைத்துக் கூழாக்கி எடுக்கும் தாளுக்கு ஒரு மரமும் விழ வேண்டியதில்லை. பருத்தி நார் நீளமானது என்பதால் தாள் பல மடிப்பு தாங்கும். முழுப் பரிசையும் அதில் சுற்றக் கைக்காசு கரையும். காலண்டர் தாளில் சுற்றிவிட்டு, மேலே நாலு விரல் அகலத்துக்குக் கைத்தாளில் ஒரு பட்டை போட்டால் போதும். விதைத் தாள் என்று இப்போது விற்கிறார்களே, நட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

காலண்டர் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் மதிப்பாக இருக்குமா என்ற தயக்கம் நியாயமானது. இதற்கும் ஆய்வு உண்டு. நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜெசிகா ரிக்ஸமும் இன்னும் இருவரும் கூடைப்பந்து அணிகளின் சின்னம் போட்ட கோப்பைகளைச் சிலருக்குக் கச்சிதமாகவும் சிலருக்கு அலங்கோலமாகவும் சுற்றிக் கொடுத்தார்கள். அலங்கோலமாக வாங்கியவர்களுக்குத்தான் கோப்பை கூடுதலாகப் பிடித்தது. கச்சிதமான உறை உள்ளே பெரிதாக ஏதோ இருக்கும் என்ற எதிர்பார்ப்பைக் கிளப்பிவிடுகிறது, பிரித்தால் கோப்பை. ஆனால் பாதி அறிமுகமானவர் கொடுத்தால் கதை மாறுகிறது. அங்கே உறையின் நேர்த்தி, நம்மை அவர் எவ்வளவு மதிக்கிறார் என்பதற்கு அடையாளமாகிவிடுகிறது. நெருங்கிய நட்பில் அந்தக் கவலை இல்லை.

அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டு 'கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்' எடுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். சீட்டில் வரும் பெயர் பெரும்பாலும் பாதி அறிமுகமானவருடையது. அங்கே ஓலைப்பெட்டியோ, இஸ்திரி போட்ட ஜாக்கெட் பிட்டோ கொடுப்பது நல்லது. சிநேகிதிக்கும் தம்பிக்கும் காலண்டர் தாள் தாராளம். சீட்டுக் குலுக்கும்போதே "ஜிகினா தாள் வேண்டாம், பை திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி சேர்த்து அறிவித்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இருக்காது. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் எளிமை கஞ்சத்தனமாகத் தெரியாது. ஞாயிறு பள்ளிகளும் பங்குத் தந்தைகளும் இதையே ஆலய அறிவிப்பில் சொல்ல முடியும், செலவும் கிடையாது.

திரும்பி வரும் உறைக்காக வாதாடும் நானும் விட்டுக்கொடுக்க வேண்டிய ஓர் இடம் குழந்தைகள். தாளைச் சர்ரென்று கிழிப்பதில் அவர்களுக்குள்ள ஆனந்தத்தை எந்த முடிச்சாலும் ஈடுகட்ட முடியாது. ஏழு வயதுப் பிள்ளையிடம் ஃபுகுசாவின் அழகை ரசித்துவிட்டுத் துணியைத் திருப்பிக் கொடு என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு நாளிதழையோ காலண்டர் தாளையோ இரண்டு மூன்று அடுக்காகவே சுற்றலாம். உள்ளே இன்னொரு பொட்டலம், அதற்குள் இன்னொன்று என்று வைத்தால் கிழிக்கும் நேரம் நீளும். ஓரங்களுக்கு மைதாப் பசை. கிழித்துப் போட்டதையெல்லாம் பெருக்கி ஒரு சாக்கில் திணித்து வைத்தால், அடுத்த வாரம் வரும் பழைய பேப்பர்க்காரர் மறுபேச்சில்லாமல் தராசில் ஏற்றுவார்.